பிசிறு

மூன்று வாரமாக இங்கே ஒன்றும் எழுதவில்லை. உடம்புக்கு என்னவோ என்று இரண்டு நண்பர்கள் போன் செய்து விசாரித்தார்கள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. வீட்டில் தச்சு வேலை நடந்தது. படுக்கையறையிலிருந்து குளியலறைக்குப் போகும் நடையில் சுவரோரமாக ஒரு மரக் கைப்பிடி. 12 அடி நீளம். வேலை அவ்வளவுதான். ஆனால் அது முடிவதற்குள் மரத்தின் ஓரம், பிளாஸ்டிக்கின் ஓரம், கை வேலை, மெஷின் வேலை என்று நிறையக் கற்றுக்கொண்டேன். கூடவே, மறந்துவிட்டேன் என்று நினைத்திருந்த ஒரு பழைய விஷயமும் மேலே வந்துவிட்டது. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மனைவி இரண்டு வருஷத்துக்கு முன் குளியலறை வாசலில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. அறுவை சிகிச்சை, பிசியோதெரபி எல்லாம் முடிந்து, இப்போது வாக்கர் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறாள். அலுமினியக் குழாயில் செய்த நாலு கால் வாக்கர். கை வைக்கும் இரண்டு இடத்திலும் கறுப்பு பிளாஸ்டிக் பிடி. ஒரு நாள் காலையில் வலது பிடியில் கர்சீப்பைச் சுற்றிக்கொண்டு வந்தாள். வியர்வைக்காக என்று நினைத்தேன். சாயங்காலம் துவைக்கப் போட்டிருந்த கர்சீப்பில், நூல் ஒட்டினாற்போல ஒரு ரத்தக் கோடு.

"என்ன இது?" என்றேன்.

"ஒண்ணுமில்லீங்க. பிடி கொஞ்சம் அறுக்குது."

"எத்தனை நாளா?"

"வாங்கினதிலேர்ந்தே அப்படித்தான். இதைப் போயி சொல்லணுமான்னு விட்டுட்டேன்."

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள மெல்லிய தோலில் அந்தக் கோடு இருந்தது. ரத்தம் உறையாமல் இருக்க அவள் மாத்திரை சாப்பிடுகிறாள். சின்னக் கீறல் என்றாலும் சீக்கிரம் நிற்காது. வாக்கரை எடுத்துப் பிடிமேல் விரலை ஓட்டிப் பார்த்தேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. விரலுக்குத் தெரிந்தது. பிடியின் ஒரு பக்கம் முழுக்க, முன்னாலிருந்து பின்வரை, பூனை நகம் போல ஒரு மெல்லிய வரி எழும்பி நின்றது.

அந்த வரி எப்படி வருகிறது என்பதற்குக் கொழுக்கட்டை அச்சை நினைத்துக்கொண்டால் போதும். அச்சின் இரண்டு பாதியையும் சேர்த்து அமுக்கும்போது, இரண்டும் சேரும் இடத்தில் மாவு கொஞ்சம் பிதுங்கி நிற்கும். அம்மா அதை விரலால் வழித்துவிட்டுத்தான் இட்லிப் பானையில் வைப்பாள். பிளாஸ்டிக் சாமானும் இப்படித்தான் செய்கிறார்கள். பிளாஸ்டிக்கை உருக்கி, இரண்டு பாதியாக உள்ள இரும்பு அச்சுக்குள் அழுத்தித் தள்ளுகிறார்கள். அச்சு புதிதாக, சரியாக இறுகி நின்றால் சேரும் இடத்தில் மெல்லிய கோடு மட்டும் விழும். அச்சு தேய்ந்திருந்தாலோ, இறுக்கம் போதாமல் இருந்தாலோ, அந்த இடுக்கு வழியாகப் பிளாஸ்டிக் கசிந்து, காகிதத்தைவிட மெல்லிசான ஒரு ஏடாக உறைந்துவிடும். அதை அறுத்து எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் அது பிளேடு.

நம் தமிழில் இதற்குப் பெயர் பிசிறு. நான் படித்த பிரெஞ்சில் 'பவ்யூர்'. இந்த வார்த்தை எனக்கு அறிமுகமானது பிளாஸ்டிக்கில் இல்லை, மையில். புதுச்சேரி கைமாறிய 1954-க்குப் பிறகும் எங்கள் பள்ளியில் பாடம் பிரெஞ்சில்தான் நடந்தது. மைப்புட்டியில் தொட்டு எழுதும் 'செர்ஜான் மஜோர்' நிப்பு. கொஞ்சம் அழுத்தினால் எழுத்தின் ஓரத்தில் மை வழிந்து பரவும். வாத்தியார் அதைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு 'பவ்யூர்' என்று எழுதுவார். எச்சில் வடிப்பது என்று அர்த்தமுள்ள ஒரு வினைச்சொல்லிலிருந்து வந்த வார்த்தை அது. எழுத்து எச்சில் வடித்தாலும் பவ்யூர், அச்சு எச்சில் வடித்தாலும் பவ்யூர். குற்றம் குறை இல்லாமல் முடிந்த வேலையைப் பிரெஞ்சுக்காரர்கள் 'சான் பவ்யூர்' என்பார்கள். பிசிறில்லாமல் என்று அர்த்தம். நாமும் பிசிறில்லாமல் பாடினார் என்கிறோம். இரண்டு ஊர்க்காரர்களுக்கும் ஒரே எண்ணம் எப்படி வந்தது என்று பல தடவை ஆச்சரியப்பட்டிருக்கிறேன். இந்த 'சான் பவ்யூர்' கடைசியில் திரும்பவும் வரும்.

அன்று ராத்திரியே நான் வைத்தியத்தில் இறங்கினேன். வீட்டில் ஒரு துண்டு உப்புத்தாள் கிடந்தது. 80 நம்பர். பரபரவென்று தேய்த்தேன். வரி போகவில்லை. அந்த இடம் சூடாகி, மழுங்கி, வெளுத்து, மெல்லிய ரோமம் ரோமமாக எழும்பிவிட்டது. முன்பு ஒரு வரிதான் அறுத்தது. இப்போது அந்தப் பக்கம் முழுக்கச் சொரசொரத்தது. என் மனைவி தடவிப் பார்த்துவிட்டு, "முன்னாடியே தேவலாம்போல இருக்கே" என்றாள். துணி டேப்பைச் சுற்றி வைத்தேன். இரண்டு நாளில் வியர்வை பட்டு டேப்பின் பசை கையில் பிசுபிசுத்தது.

எப்படியும் நடையில் ஒரு கைப்பிடி போட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இனிமேல் தள்ளிப்போடக் கூடாது என்று ஆசாரியாரைக் கூப்பிட்டேன். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். எங்கள் பழைய வீட்டுக் கதவு, ஜன்னல் எல்லாம் அவர் அப்பா செய்தவை. அந்த வீட்டை இடித்தபோது இரண்டு தேக்குச் சட்டங்களை எடுத்து மொட்டைமாடிக் கொட்டகையில் போட்டு வைத்திருந்தேன். ஒவ்வொன்றும் ஆறடிக்குக் கொஞ்சம் மேலே. அவற்றைக் காட்டி, "ஆசாரியாரே, இதை முழுக்க முழுக்க உங்க கையாலேயே செஞ்சு குடுங்க. மெஷினே வேணாம்" என்றேன். பிளாஸ்டிக் பிடிமேல் எனக்கிருந்த கோபம் அப்படி.

அவர் சிரித்தார். "12 அடி கட்டையக் கையாலயே உருட்டச் சொல்றீங்களே ஐயா, என் தோள்பட்டைக்கு யாரு கூலி குடுக்கறது? பையன் பட்டறைக்கு எடுத்துட்டுப் போறேன். நீங்களும் வாங்க, வந்து பாருங்க."

முதலில் ஒரு காந்தத் துண்டைச் சட்டங்களின் மேல் மெல்ல இழுத்துக்கொண்டு போனார். நாலு இடத்தில் ஒட்டியது. பழைய ஆணி. தலை போய் உள்ளே புதைந்து கிடந்தது. "இது ஒண்ணு மாட்டினாப் போதும், பிளேடும் போச்சு, கண்ணும் போச்சு" என்று ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்தார். அப்புறம் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வில்லியனூர்ப் பக்கம் போனோம்.

மகன் வைத்திருப்பது ப்ளைவுட் அலமாரி, மாடுலர் கிச்சன் செய்யும் பட்டறை. அங்கே ஓரம் ஒட்டும் மெஷின் ஒன்று இருக்கிறது. எட்ஜ் பேண்டிங் என்கிறார்கள். ப்ளைவுட்டை அறுத்தால் அதன் ஓரத்தில் அடுக்கடுக்காகத் தகடு தெரியும். தண்ணீர் இறங்கும், சிராய் குத்தும். அந்த ஓரத்தை மூட முன்பெல்லாம் மரப்பட்டி சீவி ஒட்டி, சின்ன ஆணி அடித்து, இழைத்து, உப்புத்தாள் போடுவார்கள். ஒரு அலமாரிக்கு நாள் கணக்கில் ஆகும். இப்போது சுருளாக பிவிசி பட்டி வருகிறது. 0.8 மில்லிமீட்டர், 2 மில்லிமீட்டர் என்று கனம். பலகையை மெஷினில் ஒரு பக்கம் விட்டால், கிட்டத்தட்ட 200 டிகிரிச் சூட்டில் உருகிய பசை ஓரத்தில் தடவப்படுகிறது. உருளைகள் பட்டியை அமுக்குகின்றன. சின்னச் சின்ன வெட்டுச் சக்கரங்கள் மேலும் கீழும் மிஞ்சியதைச் சீவுகின்றன. ஒரு தகடு சுரண்டுகிறது. கடைசியில் துணிச் சக்கரம் துடைக்கிறது. எட்டடிப் பலகை அரை நிமிஷத்துக்குள் மறுபக்கம் வந்துவிட்டது. விரலை ஓட்டிப் பார்த்தேன். குறை சொல்லக் கிடைக்குமா என்றுதான் ஓட்டினேன். கிடைக்கவில்லை.

அந்தத் தம்பியே ஒரு குறை காட்டினான். "மூலையப் பாருங்க சார்" என்றான். இரண்டு பக்கத்துப் பட்டியும் வந்து சேரும் மூலையில், ஊசி முனை மாதிரி ஒரு துளி நீட்டிக்கொண்டிருந்தது. "இன்னும் வெலை ஜாஸ்தியான மெஷின்ல மூலையையும் அதுவே உருட்டிடும். நம்மளது விட்டுடும். கொழந்தைங்க தலை இடிச்சுக்கறது இந்த எடத்துலதான்." சொல்லிக்கொண்டே சின்ன அரம் ஒன்றை எடுத்து, ஒரு மூலைக்கு மூன்று இழுப்பு என்று நாலு மூலையையும் முடித்தான். ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பலகையை அடுக்கினான்.

எங்கள் சட்டங்களைச் சரியான அளவுக்கு அறுத்து, சதுரமாக இழைத்தது எல்லாம் மெஷின்தான். பிறகு இரண்டு சட்டத்தின் முனைகளையும் சாய்வாகச் சீவி, ஒன்றின்மேல் ஒன்று படியவைத்து, பசை போட்டு இறுக்கிக் கட்டினார் ஆசாரியார். நான் உதவி செய்கிறேன் என்று உப்புத்தாளை எடுத்து, சீவிய ஓரத்தைத் தேய்க்கப் போனேன். கையைப் பிடித்துவிட்டார். "இந்த ஓரம் கத்தி மாதிரிதாங்க இருக்கணும். இதை மழுக்கினா ரெண்டும் சேர்ற எடத்துல சந்து விழுந்துடும்." மழுக்குவது மட்டும்தான் நல்ல வேலை என்று நினைத்திருந்தேன். மழுக்கக் கூடாத ஓரமும் உண்டு என்று அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் பசை காய்ந்ததும் ரவுட்டர் மெஷினில் ஓரங்களை உருட்டினான் மகன். அதிலேயே சின்னது டிரிம்மர். நிமிஷத்துக்கு 30,000 சுற்று வரை போகும் என்றான். காலே அரைக்கால் அங்குலம் கூட மாறாமல், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே வளைவு. கையால் இழைத்தால் அப்படி வராது, என்ன கெட்டிக்காரராக இருந்தாலும் ஒரு இடம் சதை போடும், ஒரு இடம் இளைக்கும் என்று ஆசாரியாரே ஒப்புக்கொண்டார். ஆனால் மெஷினுக்கும் இரண்டு கெட்ட பழக்கம் உண்டு. ஒரே இடத்தில் அரை விநாடி தயங்கினால் மரம் கருகிவிடும். நார் எதிர்த்து ஓடும் இடத்தில் வேகமாகப் போனால் சிராய் பிய்த்துக்கொண்டு வரும். எங்கள் சட்டத்திலும் ஒரு கணு பக்கத்தில் விரல் நீளத்துக்குப் பிய்ந்துவிட்டது. "மெஷினுக்கு நார் தெரியாது. நீதான் பாத்துப் போவணும்" என்று மகனிடம் முணுமுணுத்தார் அப்பா.

மிச்ச வேலை எங்கள் வீட்டு வாசலில் நடந்தது. அது முழுக்கக் கை வேலை. வேலை ஆரம்பிக்குமுன் என் மனைவியை நடையில் நிற்க வைத்து, "அம்மா, நீங்க எங்க பிடிப்பீங்க, காட்டுங்க" என்று கேட்டார். அவள் சுவரோரம் கையை வைத்துக் காட்டக் காட்ட, சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டார். எவ்வளவு உயரம், எந்த இடத்தில் நின்று மூச்சு வாங்குவாள், எங்கே திரும்புவாள் எல்லாம். திரும்பும் இடத்தில் அவள் கை கம்பியைச் சுற்றி முழுதாக இறுகுகிறது. அந்த இடத்தில் அடிப்பக்கத்தை இன்னும் கொஞ்சம் உருட்டினார். சுவரைப் பார்த்திருக்கும் பின்பக்கத்தை மேலோட்டமாக ஒரு தேய்ப்போடு விட்டுவிட்டார்.

"அங்க ஏன் விட்டுட்டீங்க?" என்று கேட்டேன்.

"மூணு ஓரம் இருக்குதுங்க ஐயா. கை படுற ஓரம், கண்ணு படுற ஓரம், ரெண்டும் படாத ஓரம். மூணுக்கும் ஒரே வேலை செஞ்சா எனக்கும் கட்டாது, உங்களுக்கும் கட்டாது. மெஷின் மூணையும் ஒண்ணாத்தான் செய்யும். அதுக்கு இந்த அம்மாவைத் தெரியாதுல்ல."

பிய்ந்த இடத்தை உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டிச் சமன் செய்தார். கண்ணாடியின் ஓரத்தைச் செங்குத்தாகப் பிடித்து இழுத்தால், மரம் பொடியாக உதிராமல் மெல்லிய சுருளாக வருகிறது. அப்புறம் உப்புத்தாள். அதையும் வெறும் விரலால் பிடிக்கவில்லை, ஒரு சின்னக் கட்டையில் சுற்றித்தான் தேய்த்தார். விரலால் தேய்த்தால் மெத்தென்ற இடத்தில் குழி விழுமாம். 80, 120, 220 என்று நம்பர் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் ஈரத்துணியால் முழுக்கத் துடைத்து வெயிலில் வைத்தார். தண்ணீர் பட்டதும் படுத்திருந்த நார் எல்லாம் எழுந்து நின்றது. காய்ந்ததும் அதன் தலையை மட்டும் தட்டினாற்போல ஒரு தேய்ப்பு. "இதைச் செய்யாம விட்டா, அம்மா ஈரக் கையோட பிடிக்கற அன்னிக்கு மறுபடி எழுந்துக்கும்" என்றார். குளியலறைக்குப் போகிற கைப்பிடி என்பது அவருக்கு ஞாபகம் இருந்தது.

இரண்டு முனைகளையும் சுவரை நோக்கித் திருப்பி மூடினார். திறந்த முனையாக விட்டால் புடவைத் தலைப்பு மாட்டும் என்று காரணம் சொன்னார். கடைசியாக ஒரு கைப்பிடிப் பஞ்சை எடுத்துக் கம்பி முழுக்க இழுத்துக்கொண்டு போனார். எங்கேயாவது சிராய் இருந்தால் பஞ்சு இழை அதில் மாட்டி நிற்கும். இரண்டு இடத்தில் நின்றது. அங்கே மட்டும் மறுபடி தேய்த்தார்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த இரண்டு நாளும் அவர் இருமிக்கொண்டே இருந்தார். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டாலும் தேக்குத் தூள் உள்ளே போகத்தான் செய்கிறது. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் ஒன்றாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு சேர்த்திருக்கிறது. மகனுடைய தேய்க்கும் மெஷினில் தூளை உறிஞ்சிக்கொள்ளும் பை உண்டு. அப்பாவின் கைக்கட்டையில் இல்லை. கை வேலையின் அழகைப் பற்றி எழுதுகிற என்னைப் போன்றவர்கள் இதையும் சேர்த்து எழுதுவதுதான் நியாயம்.

வேலை முடிந்து சாமான்களை எடுத்து வைக்கும்போது, வாக்கரில் சுற்றியிருந்த டேப் அவர் கண்ணில் பட்டது. பிரித்துப் பார்த்தார். "யாருங்க இது மேல உப்புத்தாள் போட்டது?" என்றார். நான் பேசாமல் நின்றேன். என் மனைவி அடக்கமாகச் சிரித்தாள்.

"பிளாஸ்டிக்க இப்படித் தேய்க்கக் கூடாதுங்க. சூடு ஏறினா இளகி இழுத்துக்கும். சுரண்டணும்." ஒரு பழைய பிளேடைச் செங்குத்தாகப் பிடித்து, வரியின்மேல் தன் பக்கமாக மெல்ல இழுத்தார். கறுப்பு நூல் போல ஒரு சுருள் வந்தது. பத்துப் பதினைந்து இழுப்பில் வரி போய்விட்டது. அப்புறம் பெயிண்டர்கள் வைத்திருக்கும் வாட்டர் பேப்பர், 400 நம்பர், பிறகு 600. பிடியின்மேல் தண்ணீர் விட்டு விட்டுத் தேய்த்தார். தண்ணீர் இருந்தால் சூடு ஏறாது, தூளும் அடைக்காது. நான் கிளப்பிவிட்ட ரோமம் எல்லாம் அடங்கிவிட்டது. வலது பிடி முடிந்தது.

"இடது நான் செய்யறேன்" என்றேன். பார்க்கச் சுலபமாகத்தான் இருந்தது. ஐந்தாவது இழுப்பில் பிளேடு வழுக்கி என் இடது கட்டைவிரலில் இறங்கியது. பெரிய காயம் இல்லை. ஆனால் ரத்தம் சொட்டியது. என் மனைவி பிளாஸ்திரி எங்கே என்று தேடினாள். ஆசாரியார் தன் பையிலிருந்து கறுப்பாக ஒன்றை எடுத்து, "முதல்லயே இதை மாட்டிக்கிட்டு செஞ்சிருக்கணும்" என்று நீட்டினார்.

பழைய சைக்கிள் டியூபில் வெட்டிய சின்னத் துண்டு. விரலுக்கு உறை மாதிரி.

அதைப் பார்த்ததும் எனக்கு வலி மறந்துவிட்டது. அந்த மாதிரி டியூப் துண்டை விரலில் மாட்டிய பெண்களை நான் பார்த்திருக்கிறேன். 1983-ல். அப்போது நான் எல்.டி.சி. எங்கள் அலுவலகத்திலிருந்து சிறுதொழில் கூடங்களைப் பார்வையிடப் போவார்கள். அதிகாரி முன்னால் போவார். அவர் சொல்வதைக் குறித்துக்கொள்ள நான் பின்னால் போவேன். அன்று போனது பிளாஸ்டிக் மூடிகளும் சின்னச் சின்னக் கைப்பிடிகளும் செய்யும் ஒரு கூடம். முன்பக்கம் கையால் நெம்பி அழுத்தும் இரண்டு மோல்டிங் மெஷின்கள். பின்பக்கம், தகரக் கூரைக்குக் கீழே, ஏழெட்டுப் பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு குவியல். கையில் பாதியாக உடைத்த பிளேடு. பிசிறு அறுத்துக்கொண்டிருந்தார்கள். கூலி குரோஸ் கணக்கில். ஒரு குரோஸ் என்றால் 144. சிலர் விரலில் சைக்கிள் டியூப். டியூப் இல்லாதவர்கள் விரலில் துணிக் கிழிசல்.

என் கையில் பேனாவும் பேப்பரும் இருந்ததைப் பார்த்து, ஒரு பெண் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். கோடு கோடாக, பழையதும் புதியதுமாக. "இதையும் எழுதிக்கோங்க சார்" என்றாள். கெஞ்சவும் இல்லை, கோபமாகவும் இல்லை. எழுதுகிறவன் வந்திருக்கிறான், எழுதுவான் என்ற எண்ணம் மட்டும்தான்.

நான் அதிகாரியைப் பார்த்தேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. மெஷின்களைப் பட்டியலோடு சரிபார்ப்பதுதான் எங்கள் வேலை. விரல்கள் பட்டியலில் இல்லை. முன்பக்கத்தில் எங்களுக்குக் கலர் உடைத்துக் கொடுத்தார்கள். குடித்தோம். அலுவலகம் திரும்பியதும் அவர் சொல்லச் சொல்ல அறிக்கை எழுதினேன். கடைசி வரி, 'நோ டிஃபெக்ட்ஸ் நோட்டீஸ்டு'. குறைகள் எதுவும் காணப்படவில்லை. அதை மட்டும் அவர் சொல்லவில்லை. வழக்கமாக எல்லா அறிக்கையிலும் வருகிற வரி என்று நானே எழுதினேன். அடித்தல் திருத்தல் இல்லாத என் அறிக்கையைப் படித்துவிட்டு, அவரும் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்தானே, முகம் மலர்ந்து சொன்னார்: "சான் பவ்யூர்."

எனக்கு அன்றைக்கு ரொம்பச் சந்தோஷம்.

பிசிறு எடுப்பதற்கு இப்போது எத்தனையோ வழி வந்துவிட்டது. சின்னச் சாமான்களைக் கல்லோடு பீப்பாயில் போட்டு மணிக்கணக்கில் உருட்டுகிறார்கள். மூக்குக் கண்ணாடி ஃபிரேம்களை மரச் சில்லுகளோடு நாள் கணக்கில் உருட்டுகிறார்கள். இன்னொன்றும் படித்தேன். மைனஸ் 196 டிகிரியில் இருக்கும் திரவ நைட்ரஜனால் சாமான்களை உறைய வைப்பார்களாம். பிசிறு மெல்லிசு என்பதால் முதலில் அதுதான் நொறுங்கும் பதத்துக்கு வரும். அந்த நேரத்தில் சின்னச் சின்ன மணிகளை வேகமாக அடித்தால் பிசிறு மட்டும் உடைந்து விழுந்துவிடும். பிளேடும் வேண்டாம், விரலும் வேண்டாம். அந்த ஏழெட்டுப் பேருக்கு அப்படி ஒரு மெஷின் வந்திருந்தால் விரல் தப்பியிருக்கும். குரோஸ் கூலியும் போயிருக்கும். இதில் எது நல்லது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர்களிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்பது மட்டும் தெரியும்.

கை வேலை உசத்தி, மெஷின் வேலை மட்டம் என்று ஆரம்பித்தவன் நான். இப்போது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. என் மனைவி கையை அறுத்த பிடியில் கை வேலைக்கு இடம் இருந்தது, யாரும் செய்யவில்லை. அந்தத் தகரக் கூரைக்குக் கீழே நடந்ததும் சுத்தமான கை வேலைதான். வில்லியனூரில் அந்தத் தம்பி செய்வது மெஷின் வேலை. ஆனால் மூலையைத் தடவிப் பார்க்காமல் அவன் பலகையை அனுப்புவதில்லை.

இடது பிடியை ஆசாரியாரே முடித்துக் கொடுத்தார். முடிந்ததும் என்னைக் கேட்கவில்லை. "அம்மா பிடிச்சுப் பாத்துச் சொல்லட்டும்" என்றார். அவள் வாக்கரை விட்டுவிட்டு முதலில் புதுக் கைப்பிடியைப் பிடித்து நடந்தாள். திரும்பும் இடத்தில் நின்றாள். கை அங்கே இறுகியது. பிறகு வாக்கரைப் பிடித்துத் திரும்பி வந்தாள்.

"இப்ப ஒண்ணும் தெரியலை" என்றாள்.

"அதாங்க வேணும்" என்றார் ஆசாரியார்.

என் விரல் ஆறிவிட்டது. டியூப் துண்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை, மேஜை மேல் கிடக்கிறது. 1983-ல் எழுதிய அந்தக் கோப்பு இப்போது எங்கேயும் இருக்காது. அந்த மாதிரிக் கோப்புகளைக் குறிப்பிட்ட வருஷம் கழித்து அழித்துவிடுவோம், நானே எத்தனையோ கட்டு அழித்திருக்கிறேன். அந்தப் பெண்ணின் பெயரையும் நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் எழுதிய வரி ஞாபகம் இருக்கிறது. எழுதியது நான்தான் என்பதால், திருத்துகிற உரிமையும் எனக்கு உண்டு என்று நினைக்கிறேன். நாற்பது வருஷத்துக்கு மேல் தாமதம்தான். கடைசி வரியை இப்படி மாற்றி வாசிக்கவும்:

பிசிறு அறுக்கும் பெண்களின் விரல்களில் பிளேடு வெட்டுக் காயங்கள் காணப்பட்டன. அவர்களுக்குக் கையுறை எதுவும் தரப்படவில்லை. இதைக் குறித்துக்கொள்ளும்படி ஒரு பெண் நேரில் கேட்டுக்கொண்டார்.